டீசல் நோட்டும் ரிமார்க்ஸ் கட்டமும்

(பெங்களூரு அல்சூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழர்கள் கூடிய சிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், மழை மிரட்டியும் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. கலாசிபாளையத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதினவன். டீசலுக்கென்று தனி நோட்டு உண்டு. தேதி, வண்டி நம்பர், லிட்டர், ரேட், தொகை. கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம். ரேட் மாறினால் ஏன் மாறியது என்று அதில் இரண்டு வார்த்தை எழுத வேண்டும். முதலாளி உத்தரவு. வாடகையை ஏற்றிக் கேட்டால் சரக்கு அனுப்பும் பார்ட்டி சும்மா விடுவாரா, காரணம் கேட்பாரே! அந்தக் கட்டத்தை நிரப்பி நிரப்பித்தான், எண்ணெய் விலைக்கு யாரைத் திட்டுவது, யாரைப் பாராட்டுவது என்று எனக்கு ஓரளவு பிடிபட்டது.

தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். ராஜா வந்து உட்கார்ந்ததும் கேட்பார்: "மந்திரி, நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" "பொழிகிறது மன்னா, எல்லாம் தங்கள் ஆட்சியின் மகிமை!" மேகத்துக்கும் ராஜாவுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்க மாட்டார். பெட்ரோல் விஷயத்தில் நாம் இன்னும் அந்தக் கூத்துத் திடலிலேதான் உட்கார்ந்திருக்கிறோம்.

1973 நவம்பரில் பெட்ரோல் விலையை ஏற்றியதற்காக இந்திரா காந்தி அரசைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றம் போனார். அதற்கு முந்தின மாதம்தான் அரபு நாடுகள் எண்ணெயை மறித்திருந்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கானது. இந்திரா என்ன, யார் இருந்திருந்தாலும் ஏறத்தான் செய்திருக்கும். அதே வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதுதான், 2002 ஏப்ரலில், அரசே விலை நிர்ணயிக்கும் பழைய முறையைக் கைவிட்டதாக அறிவித்தார்கள். மாட்டுவண்டி எங்கே போனதோ!

2012 மே மாதம் பெட்ரோல் ஒரே நாளில் ஏழு ரூபாய்க்கு மேல் ஏறியது. அப்போது குஜராத் முதல்வராக இருந்த மோடி, இது காங்கிரஸ் கூட்டணி அரசின் தோல்வி என்றார். 2015 பிப்ரவரியில் டெல்லி தேர்தல் மேடையில் அவரே பிரதமராகப் பேசினார். என் அதிர்ஷ்டத்தால்தான் விலை இறங்கியது என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும், அதிர்ஷ்டம் இல்லாதவர் உங்களுக்கு எதற்கு என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. நடந்தது என்ன? 2014 ஜூனில் 110 டாலரைத் தாண்டியிருந்த ஒரு பீப்பாய் கச்சா, 2015 ஜனவரியில் 50 டாலருக்குக் கீழே விழுந்தது. அமெரிக்காவில் பாறை எண்ணெய் பெருகியது, சவுதி தரப்பு உற்பத்தியைக் குறைக்க மாட்டேன் என்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

காக்கையை விடுவோம். விழுந்த பழத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்?

2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் மத்திய அரசு கலால் வரியை ஒன்பது முறை ஏற்றியது. கூட்டினால் பெட்ரோலுக்கு 11.77 ரூபாய், டீசலுக்கு 13.47 ரூபாய். கச்சா சரிந்த வேகத்துக்கு எங்கள் ரேட் சரியவில்லை. பாதியை வரி குடித்துவிட்டது. 2020 மே மாதம் இன்னும் சுவாரசியம். ஊரடங்கில் உலகமே எண்ணெயைச் சீண்டவில்லை. ஒரே ராத்திரியில் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏறியது. மறுநாள் பங்க்கில் அந்த வரியால் ஒரு பைசா கூட ஏறவில்லை! நமக்கு வந்திருக்க வேண்டிய குறைப்பை நடுவழியிலேயே இறக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கொரோனா நேரத்தில் வருமானம் நின்றுபோன அரசு வேறெங்கே போகும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைக் கச்சாவின் தலையில் எழுத முடியாது. என் நோட்டில் "மத்திய வரி" என்றே எழுதினேன்.

இதில் மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்கிறோம் என்பார்கள். 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு பெட்ரோல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 32.90 ரூபாய். அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1.40 ரூபாய், மீதியெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி. 1.40-இல் 41 சதவீதம் என்றால் 57 பைசா. அத்தனை மாநிலங்களும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ள, லிட்டருக்கு 57 பைசா. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைப் பார்த்தால் ஒரு தொழில்முறை மரியாதையே வரும்.

அதற்காக மாநிலங்கள் பச்சைக் குழந்தைகள் இல்லை. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாட்டு ஓசூர். அதே கச்சா, அதே கம்பெனி, அதே டேங்கர் லாரி. ரேட் மட்டும் வேறு. டீசலை அத்திப்பள்ளியிலேயே ரொப்பிக்கொண்டு எல்லை தாண்டு என்று சேலம் போகும் டிரைவர்களுக்கு நாங்களே சொல்லி அனுப்புவோம். அந்த வித்தியாசத்துக்குச் சவுதியும் ரஷ்யாவும் பொறுப்பில்லை, பெங்களூரு விதான சௌதாவும் சென்னை ஜார்ஜ் கோட்டையும், அதாவது இரண்டு மாநில அரசுகளும்தான் பொறுப்பு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தது. அது குறைத்தவருக்குச் சேர வேண்டிய பாராட்டு. 2024 ஜூன் 15 அன்று கர்நாடகம் விற்பனை வரியைப் பெட்ரோலுக்கு 25.92-இலிருந்து 29.84 சதவீதமாக ஏற்றியது. லிட்டருக்கு மூன்று ரூபாய் போல. பெட்ரோல் விலைக்காக 2018 செப்டம்பரில் பாரத் பந்த் நடத்திய காங்கிரஸ் கட்சியின் ஆட்சி. மக்களவைத் தேர்தல் முடிவு வந்து பதினோரு நாள்! ஏற்றிய பிறகும் தென் மாநிலங்கள் பலவற்றைவிட எங்கள் விலை குறைவுதான் என்றார்கள். அது உண்மை. எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் யார்? டெல்லியில் ஒன்பது முறை ஏற்றியபோது வாய் திறக்காத பாஜகவினர். அதுவும் உண்மை.

வரியிலாவது ஒரு நேர்மை இருக்கிறது: அரசிதழில் வரும், தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும். நான் பயப்படுவது கையெழுத்தே இல்லாத சமாச்சாரத்துக்கு.

பெட்ரோல் விலையை 2010 ஜூனில் மன்மோகன் சிங் அரசும், டீசல் விலையை 2014 அக்டோபரில் மோடி அரசும் எண்ணெய் நிறுவனங்களிடம் விட்டுவிட்டதாக மறுபடியும் அறிவித்தன. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்குப் புது ரேட். சரி. 2021 நவம்பர் தொடங்கி, ஐந்து மாநிலத் தேர்தல் முடியும் வரை, 137 நாள் அந்த ரேட் அசையவில்லை. உக்ரைனில் போர் மூண்டு கச்சா 100 டாலரைத் தாண்டியும் அசையவில்லை. பிறகு பதினாறே நாளில் பத்து ரூபாய். திரும்பவும் உறைந்தது. 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மூன்று பொதுத்துறை நிறுவனங்களுக்கும் சேர்ந்து 21,000 கோடிக்கு மேல் நஷ்டம். கச்சா இறங்கியபோதும் பங்க் விலைப் பலகை இறங்கவில்லை. 2023-24-இல் அதே மூன்றுக்கும் சேர்ந்து 81,000 கோடி போல லாபம். தேர்தல் சமயத்தில் நமக்குக் கடன் கொடுத்தார்கள், பிறகு வட்டியோடு வசூலித்தார்கள். கடன் பத்திரம் யாரும் பார்க்கவில்லை.

இதை நான் முதலில் கண்டது நம்ம ஊர்த் தேர்தலில்தான். 2018 ஏப்ரல் 25 முதல் மே 13 வரை என் நோட்டில் ஒரே ரேட், பத்தொன்பது நாள். மே 12 இங்கே வாக்குப்பதிவு. 14-ஆம் தேதி காலையில் ஏற ஆரம்பித்தது, 29 வரை தினமும் ஏறியது. 30-ஆம் தேதி 60 பைசா வரை குறைப்பு என்றார்கள். சந்தோஷமாக எழுதப் போனேன். தவறுதலாகச் சொல்லிவிட்டோம், குறைப்பு ஒரு பைசாதான் என்றார்கள். அரசைக் கேட்டால் நாங்கள் தலையிடவில்லை என்றது. நிறுவனங்கள், விலை துள்ளாமல் இருக்க நாங்களாகத்தான் நிறுத்திவைத்தோம் என்றன.

அந்தப் பத்தொன்பது வரிக்கும் ரிமார்க்ஸ் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தேன். கச்சா இல்லை, மத்திய வரி இல்லை, மாநில வரி இல்லை, நான் என்னத்தை எழுத? மாதக் கடைசியில் முதலாளி நோட்டைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். மேசை மேல் கிடந்த பென்சிலை எடுத்து, ஏப்ரல் 25-லிருந்து மே 13 வரை ஒரு நெடுங்கோடு இழுத்து, பக்கத்தில் தமிழிலேயே எழுதினார்: "எலக்சன்".