போட்டவன் ஒருவன், சிரித்தவர்கள் எத்தனை பேர்?

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெற்றோரே, இளையரே, வணக்கம்.

‘இளையரிடையே பகடிவதைக்கு முதற்காரணம் வீடா, நண்பர் கூட்டமா?’ இதுதான் தலைப்பு. வீடுதான் என்று வாதாடிய எதிரணித் தோழர், அப்பா திட்டுவதைக் கேட்டு வளரும் பிள்ளைதான் பள்ளியில் அடுத்த பிள்ளையைத் திட்டுகிறது என்றார். சரி, சில வீடுகளில் அது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை தன் வீரத்தை எங்கே போய்க் காட்டுகிறது? நாலு பேர் பார்க்கிற இடத்தில்தானே!

கனடாவில் தொடக்கப்பள்ளித் திடல்களில் கேமராவும் மைக்கும் வைத்துக் கவனித்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளிவந்தது. பகடிவதை நடந்தபோது 88 விழுக்காட்டுத் தருணங்களில் சக மாணவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். தடுக்க வந்ததோ 19 விழுக்காட்டில்தான். அப்படி வந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட முறை 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது. 10 விநாடி, நடுவர் அவர்களே! அதற்குள் யாருடைய அப்பாவும் திருந்திவிடவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளை வாய் திறந்தது, அவ்வளவுதான்.

இப்போது நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வருவோம். உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு பெண், கேன்டீனில் வாய் நிறையச் சோற்றோடு இருக்கும்போது ஒருவன் படம் எடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஸ்டிக்கராக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரும் கண்டுகொள்ளாவிட்டால் அவனே அழித்துவிடுவான். ஒரே ஒருவன் சிரிப்பு இமோஜி போட்டால் போதும், அப்புறம் வரிசையாக வந்து விழும். சிரிப்பு வராதவனும் போடுவான். போடாவிட்டால் அடுத்த ஸ்டிக்கரில் தன் முகம் வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத பக்கத்து வகுப்புவரை அந்தப் படம் போய்விடும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சிங்கப்பூரில் 2014-லேயே துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வந்துவிட்டது, இணையத்தில் செய்வதும் அதில் அடங்கும். ஆனால் அந்த இமோஜிகளை எந்தச் சட்டம் போய்ப் பிடிக்கும்? அதனால்தான் பின்லாந்துப் பள்ளிகளில் ‘கிவா’ என்ற திட்டம், கொடுமை செய்தவனைக் கண்டிப்பதோடு நிற்காமல், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கப் பழக்குகிறது.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் தோழியிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் குழுவில் இமோஜி போட்டவர்களில் பலர் பாசமான வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அவர்களை அன்று சிரிக்க வைத்தது எந்த அப்பா, எந்த அம்மா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டின்மேல் பழி போடட்டும். நன்றி, வணக்கம்.