பாதி நாடகம் பார்த்தாலும் பார்த்ததுதான்

எல்லாருக்கும் வணக்கம். நாடகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டபோது, நான் நாடகக்காரி இல்லையே, எனக்கு என்ன தெரியும் என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாக இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நாடகம் நாடகமாகப் போய்வந்திருக்கிறேன், அதில் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தவை எத்தனை என்று எண்ண ஒரு கை விரல் போதும். மீதி எல்லாம் பாதி. சிலது கால். ஒன்றை வெறும் பதினொரு நிமிஷம் பார்த்தேன். பாதி நாடகம் பார்ப்பதில் இந்த அரங்கில் என்னைவிடப் பழுத்த அனுபவசாலி இருக்க வாய்ப்பில்லை, அதனால் தைரியமாக வந்துவிட்டேன்.

அந்தப் பதினொரு நிமிஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு அப்போது நாலு வயது, பையனுக்கு எட்டு. குழந்தைகள் நாடகம்தானே, கிட்ட உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று மூன்றாவது வரிசையில், அதுவும் நட்டநடுவில் இடம் பிடித்தேன். விளக்கு அணைந்ததும் "அம்மா, கரண்ட் போயிடுச்சு!" என்று கத்தினாள். அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் ஓநாய் வந்தது. ஓநாய் என்றால் ஒரு ஆள்தான், சாம்பல் நிறச் சட்டை, முகத்தில் காகிதக் கூழில் செய்த முகமூடி. ஆனால் அது எங்கள் பக்கம் திரும்பி மோப்பம் பிடித்ததுதான் தாமதம், மடியில் இருந்தவள் என் தோள்மேல் ஏறிவிட்டாள், பத்து நகமும் என் கழுத்தில், அவள் போட்ட கூச்சலில் ஓநாயே ஒரு விநாடி தயங்கியது. பையனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு எழுந்தேன். நடுவிலிருந்து வெளியே வர ஒன்பது ஜோடி முழங்கால்களைத் தாண்ட வேண்டும், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சாரி. ஒன்பதாவது முழங்காலுக்குச் சொந்தக்காரர் "இவ்ளோ சின்னதை எல்லாம் ஏன் கூட்டிட்டு வர்றாங்களோ" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். டிக்கெட் போச்சு, சாயங்காலம் போச்சு, மானமும் போச்சு என்று நான் உள்ளுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். அவளோ அழுகையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டால் "ஏன் சிரிக்கிறாங்க?" மேளம் கேட்டால் "அது மறுபடி வந்திருச்சா?" கதவு வரைக்கும் போவாள், ஓடி வந்துவிடுவாள். இப்படியே முக்கால் மணி நேரம். நாடகம் முடிந்து நடிகர்கள் வெளியே வந்தார்கள். ஓநாயாக நடித்தவர் முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் முகமூடியின் விளிம்பு பதிந்த சிவப்புக் கோடு, முடியெல்லாம் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. இவள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நீங்கதான் அதுவா?" என்றாள்.

அவர் பதில் சொல்லவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். முகமூடியைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். பழைய செய்தித்தாளின் எழுத்துகள், இரண்டு பக்கமும் எலாஸ்டிக், மூக்கு உரசாமல் இருக்க ஒரு துண்டுப் பஞ்சு. மெதுவாக மாட்டிக்கொண்டு "இப்ப?" என்றார். "ஓநாய்." கழற்றினார். "இப்ப?" "மாமா." மறுபடி மாட்டினார். ஆறு தடவை நடந்தது இது. ஏழாவது தடவை அவளே முகமூடியை வாங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து உறுமினாள். நான் பயந்தேன், வேறு என்ன செய்ய.

பிற்பாடு ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். ரீட்டா டெவ்ரீஸ் என்ற உளவியலாளர் 1969இல் வெளியிட்டது. மேனார்டு என்று ஒரு சாதுப் பூனை. குழந்தைகள் முதலில் அதைத் தடவிக் கொடுப்பார்கள். அப்புறம் அதன் வால் பக்கம் தெரிந்துகொண்டே இருக்க, தலைப் பக்கத்தை மட்டும் மறைத்து, நாய் முகமூடி ஒன்றை மாட்டிவிட்டு, இப்போது இது என்ன என்று கேட்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பலருக்கு அது நாயாகவே ஆகிவிட்டது. ஆறு வயதுக்காரர்கள், பூனைதான், முகமூடி போட்டிருக்கு என்றார்கள். அன்று நான் அவள் காதில் "சும்மா வேஷம்டி, பயப்படாதே" என்று பத்துத் தடவை சொன்னேனே, அது எவ்வளவு வீண் பேச்சு என்று அப்போதுதான் உறைத்தது. அவளைப் பொறுத்தவரை அங்கே வேஷம் என்று ஒன்று இல்லவே இல்லை, ஓநாய்தான் இருந்தது.

அதனால் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் யாராவது கேட்டால் நான் சொல்வது: போவதற்கு முன்னாலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுங்கள், ஓநாய் எப்போது வரும், என்ன ஆகும் என்பது உட்பட. சுவாரசியம் கெட்டுவிடும் என்பது நம் கவலை, அவர்களுடையது இல்லை. ஒரே கதையைப் படுக்கையில் இருபது தடவை கேட்கிற ரகம் அவர்கள். இடம் பிடித்தால் வரிசையின் ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள், முதல் வரிசை வேண்டவே வேண்டாம், அங்கே எல்லாமே பெரியதாகவும் சத்தமாகவும் இருக்கும். உள்ளே நுழைவதற்கு முன் கழிப்பறை, வருகிறதோ இல்லையோ. அவ்வளவுதான் என் மொத்த ஞானமும்.

அதோ, பின்னால் ஒரு குழந்தை அழுகிறது, அவர்கள் எழுந்து வெளியே போகப் பார்க்கிறார்கள். உட்காருங்கள், எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இந்தச் சத்தத்துக்குப் பழகித்தான் நான் இவ்வளவு உரக்கப் பேசுகிறேன்.

நல்ல நேரத்தில்தான் அழுதது, ஏனென்றால் அடுத்து அதைத்தான் சொல்ல வந்தேன். அரங்கில் மூச்சு விடாமல் உட்கார வேண்டும் என்பது ஆதிகாலத்து விதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி இல்லை. ஐரோப்பிய அரங்குகளில் நெடுங்காலம் பார்வையாளர் பக்கமும் விளக்கு எரிந்தது, வந்தவர்கள் மேடையைப் பார்த்த அளவுக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பேசினார்கள், பிடிக்காவிட்டால் கத்தினார்கள். 1876இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் இசையமைப்பாளர் வாக்னர் தன் அரங்கைத் திறந்தபோது பார்வையாளர் பகுதியை இருட்டாக்கினார், அந்தப் பழக்கம் அங்கிருந்து பரவி இன்று நமக்கு இயல்பாகிவிட்டது. நம் தெருக்கூத்து விடிய விடிய நடக்கிறது. பிள்ளைகள் நடுவில் தூங்குவார்கள், கட்டியக்காரன் ஏதாவது சொல்லிக் கூட்டம் சிரித்தால் விழிப்பார்கள், மறுபடி தூங்குவார்கள். கூத்துப் பார்த்தாயா என்று யாரும் அவர்களிடம் கணக்குக் கேட்பதில்லை. டோக்கியோவில் கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகம் நடக்கும் கபுகிசா அரங்கில் ஒரே ஒரு அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், அதற்கு ஹிதோமகுமி என்று பெயரே இருக்கிறது. பாதியில் எழுந்து வந்ததற்காக நான் எத்தனை இரவு தூங்காமல் புரண்டேன், அங்கே அதற்கு டிக்கெட்டே விற்கிறார்கள்!

இப்போது பல நாடுகளில் ரிலாக்ஸ்டு பெர்ஃபார்மன்ஸ் என்று சில காட்சிகளைத் தனியாக நடத்துகிறார்கள். விளக்கை முழுக்க அணைக்க மாட்டார்கள், திடுக்கென்று வரும் சத்தங்களைக் குறைப்பார்கள், கதவு திறந்தே இருக்கும், குழந்தை எழுந்து நடக்கலாம், பேசலாம், வெளியே போய்விட்டுத் திரும்பி வரலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்கியது இது, ஆனால் எந்தக் குழந்தையோடு போகிறவருக்கும் நிம்மதிதான். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

சரி, இவ்வளவு அவஸ்தைப்பட்டு ஏன் போக வேண்டும், வீட்டிலேயே திரையில் நல்ல படம் போட்டுக் காட்டலாமே என்று என் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பையன் ஐந்து வயதில் பதில் சொல்லிவிட்டான். ஒரு நாடகத்தில் தளபதி வாளை ஓங்கும்போது வாள் இரண்டாக முறிந்து, பாதி பறந்துபோய்த் திரையில் மோதி விழுந்தது. தளபதி கையில் இருந்த கைப்பிடியைப் பார்த்தார், எதிரியைப் பார்த்தார், "உன்னை வெட்ட இது போதும்" என்று அந்தக் கைப்பிடியாலேயே வெட்டினார், எதிரியும் விசுவாசமாகச் செத்தார். கைதட்டல் நிற்கவே இல்லை. பையன் என் கையைப் பிடித்து இழுத்து, "மறுபடி போடச் சொல்லுங்கம்மா" என்றான். போட முடியாதுடா என்றேன். "ஏன்?" நடந்து முடிந்துவிட்டது என்றேன். அவன் அதை ஒப்புக்கொள்ளவில்லை, அழுது அடம்பிடித்து அடுத்த வாரம் அதே நாடகத்துக்குக் கூட்டிப்போக வைத்தான். வாள் முறியவில்லை. புது வாள், பளபளவென்று, கச்சிதமாக வெட்டியது. "அன்னிக்கு நாம மட்டும்தான் பார்த்தோம், இல்ல?" என்றான். நாம் என்றால் அன்று அரங்கில் இருந்த முன்னூறு பேரும் அவன் கணக்கில் நாம்தான்.

இதே விஷயம் எழுத்தாளர் பேரிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1904 டிசம்பர் 27, லண்டனில் அவர் எழுதிய பீட்டர் பான் நாடகத்தின் முதல் காட்சி, பறக்கத் தெரிந்த ஒரு பையனின் கதை. அதில் குட்டித் தேவதை சாகக் கிடக்கும், தேவதைகள் உண்டு என்று நம்புகிறவர்கள் கைதட்டினால் பிழைத்துக்கொள்ளும் என்று பீட்டர் பார்வையாளர்களிடம் கெஞ்சுவான். முதல் நாள் வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். யாரும் தட்டாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, வாத்தியக்காரர்களைக் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டும்படி பேரி ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அதற்கு வேலையே வரவில்லை, அரங்கம் தட்டித் தீர்த்தது. இன்னொன்று, நாடகத்தைப் பார்த்த பிள்ளைகள் பறக்கப் பார்த்துக் கட்டிலிலிருந்து விழுந்து அடிபட்டதால், மந்திரத் தூள் தூவினால்தான் பறக்க முடியும் என்ற விஷயத்தைப் பேரி பிறகு சேர்த்தார். நம் பிள்ளைகளும் இப்படித்தான், தட்டுகிற கை தங்களுடையது என்று தெரிந்துவிட்டால் கட்டிலிலிருந்து குதிப்பார்கள். எங்கள் வீட்டில் ஓநாய் நாடகம் மூன்று மாதம் ஓடியது. மாவு சலிக்கும் சல்லடைதான் முகமூடி, போர்வைதான் திரை, நான்தான் மொத்தக் கூட்டமும். சமையலறையிலிருந்து பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டாள், வந்து உட்கார வேண்டும்.

பொம்மலாட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானிய புன்ராகு பாணியில் ஒரு நாடகம், ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையும் வலது கையும் ஒருவருக்கு, இடது கை ஒருவருக்கு, கால் ஒருவருக்கு, மூவரும் கறுப்பு உடையில் நம் கண்ணெதிரிலேயே நிற்கிறார்கள். ஒளிந்துகொள்ளாமல் நின்றால் பிள்ளைகள் எப்படி நம்புவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். பொம்மைக் கிழவர் நாற்காலியில் உட்காரும்போது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார் பாருங்கள், அவர் தோள் ஏறி இறங்கியது, அதோடு சேர்ந்து அந்த மூன்று மனிதர்களின் தோளும் ஏறி இறங்கியது. அப்புறம் அந்த மூவரையும் எங்கள் வரிசையில் ஒருவரும் பார்க்கவில்லை. முடிந்ததும் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: "தாத்தாவுக்குக் கால் வலி சரியாயிடுமா?"

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். இதெல்லாம் முடிந்த கையோடு மேடைக்கு ஒருவர் வந்து, குழந்தைகளே, இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று மைக்கில் கேட்பாரே, அது. பிள்ளைகளும் பாவம், எதிர்பார்க்கிற பதிலைக் கோரஸாகச் சொல்லிவிடுவார்கள். கால் வலி சரியாகுமா என்று அதற்கப்புறம் யார் கேட்பார்கள்? இதே வேலையைப் பெற்றவர்களும் வண்டியில் வரும்போது செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன், விட்டுவிட்டேன்.

இப்போது பையனுக்குப் பதினாறு, பெண்ணுக்குப் பன்னிரண்டு. போன மாதம் மாமியாரையும் சேர்த்துக்கொண்டு ஐந்து பேரும் போனோம். ஒரு ராஜா, தோட்டக்காரர் ஒருவரைச் செய்யாத தப்புக்குச் சிறையில் போட்டுவிடுகிற கதை. மாமியார் இடைவேளை வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார், இடைவேளைக்கு அப்புறம் விளக்கு அணைந்தது, அவரும் அணைந்துவிட்டார். திரும்பி வரும்போது காரில், "பின்னாடி என்னடி ஆச்சு, நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்றார். பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள், சிறை, மழை, சாவியைத் திருடுகிற சமையல்காரி, எல்லாம் வரிசையாக வந்தது. கடைசியில், "ராஜா ராத்திரியோட ராத்திரியா தோட்டத்துக்கு நடந்தே வந்து, அவர் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டார், பாட்டி" என்றாள். நாடகத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது, ராஜா கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பையன் "ஏய், அப்படி எதுவும்" என்று தொடங்கினான், நான் முன் சீட்டிலிருந்து திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தேன், நிறுத்திக்கொண்டான்.

"கேட்டானா? நல்லவேளை" என்றார் மாமியார். அப்புறம் அவள் தோளில் சாய்ந்து மறுபடி தூங்கிவிட்டார்.