லிங்கன் டிரில் ஹால்

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்துல லிங்கன்னு ஒரு ஊர், அங்க 1890ல கட்டின ஒரு டிரில் ஹாலை, அதாவது படைப் பயிற்சி நடக்குற கூடத்தைப் பத்தி இன்னைக்குப் பேசலாம்னு வந்திருக்கேன்.

1859ல பிரான்ஸ்காரன் படையெடுத்து வந்துடுவான்னு அந்த நாட்டுல பெரிய பயம், அதனால ஊர் ஊருக்குத் தொண்டர் படை சேந்துச்சு. பகல்ல பட்டறை வேலை, சாயங்காலம் துப்பாக்கிப் பயிற்சி. மழை ஊர்ல வெட்டவெளியில எத்தனை நாள் அணிவகுப்பு பண்றது? அதுக்குத்தான் நடுவுல தூண் இல்லாத அகலமான ஹால், ஆயுதம் வைக்க ஒரு ரூம். லிங்கன்ல இதுக்குப் பணம் குடுத்தது ஜோசப் ரஸ்டன், இன்ஜின் கம்பெனி முதலாளி, அந்த ஊர் மேயராவும் எம்.பி.யாவும் இருந்தவர்.

எனக்கு மனசுல நிக்கிறது 1905தான். அதுக்கு முந்தின வருஷக் கடைசியில குழாய்த் தண்ணி மூலமா டைஃபாய்டு பரவி ஆயிரம் பேருக்கு மேல படுத்துட்டாங்க, நூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க. ஆஸ்பத்திரியில இடம் பத்தல. அப்ப இந்த ஹாலையே தற்காலிக ஆஸ்பத்திரியா மாத்துனாங்க, சிப்பாய்ங்க காலடி வச்சுப் பழகின தரையில வரிசையா கட்டில், அதுல காய்ச்சல்ல கெடக்குற ஜனங்க. அதே நேரத்துல அலெக்சாண்டர் ஹூஸ்டன்னு ஒரு டாக்டர் ஊர்த் தண்ணியில தொடர்ச்சியா குளோரின் மருந்து கலக்க ஏற்பாடு பண்ணாரு, பிரிட்டன்ல ஒரு ஊருக்கு அப்படி விடாம கலந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்து மாவட்டத்துல எல்க்ஸ்லிங்கிற இடத்துல இருந்து நல்ல தண்ணி வந்து சேர 1911 ஆயிடுச்சு. போருக்காகக் கட்டின எடம் உயிரைக் காப்பாத்த உதவுச்சுங்கிறது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

போரும் வந்துச்சு. 1914ல லிங்கன்ஷயர் ரெஜிமென்ட் நாலாவது பட்டாலியனுக்கு இந்த ஊர்தான் தலைமையிடம். 1915 அக்டோபர் 13ஆம் தேதி பிரான்ஸ்ல ஹோஹென்சோலர்ன் அரண்னு ஜெர்மன்காரங்க வச்சிருந்த கோட்டை மாதிரியான எடத்துல அவங்க இருந்த 46ஆவது டிவிஷன் தாக்குதலுக்குப் போச்சு, கிட்டத்தட்ட 3,700 பேர் செத்தோ காயம்பட்டோ போனாங்க, அதுல பெரும்பாலும் முதல் பத்து நிமிஷத்துல. இந்த மாதிரி ஹால்ல நடை பழகின பசங்கதான் அத்தனை பேரும்.

அப்புறம் பல வருஷம் கழிச்சு, 2004ல, புதுப்பிச்சு கலை அரங்கமா திறந்தாங்க. அப்புறம் லிங்கன் காலேஜ் அதை நடத்த எடுத்துக்கிட்டு 'தி டிரில்'னு பேரு வச்சது, நாடகம் கச்சேரி எல்லாம் அங்க நடந்துச்சு, பேருல அந்த 'டிரில்'ங்கிற வார்த்தையை விடாம வச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்.