நெகற்றிவை எறியாதீர்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அதிபர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய பெரியம்மா அவர்களே, சாப்பாடு கூட இல்லாமல் புகைப்படப் போட்டிக்கு வந்த 200 படங்களைப் பார்த்து முடித்த நடுவர்களே, மாணவர்களே, வணக்கம். விளக்கேற்றும்போது நான் எடுத்த படத்தில் அதிபர் கண்ணை மூடிவிட்டார். மன்னிக்க வேண்டும்.

விளையாட்டாகத் தொட்ட கமரா தொழிலான கதையைச் சொல்லச் சொன்னார்கள். வெளிச்சம், பொறுமை, பாதுகாப்பு என்று மூன்று விடயம் வைத்திருக்கிறேன்.

மாமாவின் பெட்டிக் கமராவில் ஒரு சுருளுக்கு 12 படம். கீரிமலை, கசூரினாக் கடற்கரை என்று சைக்கிளில் அலைந்து அத்தனையையும் முடித்தேன். முற்றத்தில் அம்மம்மா பனங்கிழங்கு ஒடியல் காயப்போடுவதை ஒன்றுகூட எடுக்கவில்லை. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்!

பிறகு ஸ்ரூடியோவில் சேர்ந்தேன். முதலில் படத்திலிருந்து ஹைப்போ என்கிற இரசாயனம் போகக் கழுவுகிற வேலைதான்.

தனியாக எடுத்த முதல் கல்யாணம் கோண்டாவிலில். 36 படச் சுருள். தாலி கட்டியாகிவிட்டது, எண் 36 காட்டுகிறது. அடித்தேன், 37. பரவாயில்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கும். 38, 39... 41-இல் எனக்கு வேர்த்தது. பிலிம் கமராவுக்குள் சுற்றும் பல்லில் மாட்டவே இல்லை! ஒரு படமும் இல்லை. பெண்ணின் தகப்பனிடம் போய், "ஐயா, தாலி கட்டுறதை இன்னொருக்கா..." என்றேன். அவர் வாய் திறக்குமுன் கிழவி ஒருத்தி, "தம்பி, தாலி ஒருக்காத்தான். வேணுமெண்டா கெட்டிமேளத்தை இன்னொருக்கா அடிக்கச் சொல்லு" என்றா. கூறைச்சேலையோடு நின்ற பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாலை மாற்றுவதை மட்டும் திரும்ப எடுத்தேன். அந்த அல்பத்தில் தாலி கட்டும் படம் இல்லை. ஆனால் எல்லாப் படத்திலும் பெண் சிரிக்கிறாள்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். சரி, வெளிச்சத்தையும் பொறுமையையும் விட்டுவிட்டுப் பாதுகாப்புக்கு வருகிறேன்.

1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எல்லா மேடையிலும் பேசுகிறோம். 1995 ஒக்டோபரில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அல்பத்தைத் தூக்கினோம், அந்தப் படங்களை அச்சிட்ட மூலப் பிலிமை, நெகற்றிவை விட்டுவிட்டோம். தப்பியதை இப்போது வீடு வெள்ளையடிக்கும்போது எறிகிறோம். பழைய யாழ்ப்பாணத்தைப் பார்க்க வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் தேடுகிறோம். நம் பரணில் பிஸ்கட் தகரத்துக்குள் அது கிடக்கிறது. கையில் வெண்ணெய், ஐயா, கையில் வெண்ணெய்!

திறந்ததும் வினாகிரி மணந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை முதலில் கொண்டு வாருங்கள், இலவசமாக ஸ்கான் செய்து தருகிறேன். துணியால் துடைக்க வேண்டாம், ஓரத்தில் பிடியுங்கள். பொலித்தீனில் கட்டாமல் கடுதாசி உறையில் போட்டு, போடுமுன் உறையில் பெயரை எழுதுங்கள், பென்சிலால்.