பின் ஸ்பிரிங்கும் பின்னால் அமர்பவரின் எடையும்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் மோட்டார் சைக்கிளின் பின்பக்க ஷாக் அப்சார்பரில், ஸ்பிரிங்கின் ஒரு முனை வந்து அமரும் இடத்தில், படிபடியாக வெட்டப்பட்ட வளையம் ஒன்று இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு ஐந்து படிகள் உண்டு. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் ஆறு. வண்டி வாங்கிய நாள் முதல் விற்கும் நாள் வரை இந்த வளையத்தை ஒருமுறைகூடத் திருப்பாதவர்களே நம்மில் அதிகம். திருப்புகிறவர்களும் அது ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறது என்றே நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பியின் பருமனையும் சுற்றுகளையும் பொறுத்தது. வளையத்தால் அதை மாற்ற முடியாது. எடை ஏறியபின் வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே வளையம் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின் சக்கரம் மேலும் கீழும் மொத்தம் 100 மில்லிமீட்டர் அசையக்கூடிய வண்டி ஒன்றில், ஓட்டுநர் மட்டும் அமர்ந்தால் 30 மில்லிமீட்டர் தாழ்வதாக வைத்துக்கொள்வோம். மொத்த அசைவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தாழ்வது சரியான அளவு. சக்கரத்தின் இடத்தில் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் 1 மில்லிமீட்டர் தாழும் என்றால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் பின்னால் ஏறும்போது, அவர் ஏறக்குறைய பின் அச்சுக்கு நேர் மேலேயே அமர்வதால், இன்னும் 30 மில்லிமீட்டர் போய்விடுகிறது. பள்ளத்தையும் வேகத்தடையையும் சமாளிக்க மிஞ்சுவது 40 மட்டுமே. இருவராகச் செல்லும்போது வண்டி 'டம்' என்று அடி வாங்குவது இதனால்தான். வளையத்தை உயர்ந்த படிக்குத் திருப்பினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் திரும்பக் கிடைக்கலாம். முழு இழப்பையும் அது ஈடுகட்டாது என்றாலும், அந்தப் பத்து பெரிது.

அடி வாங்குவதைக் காட்டிலும் நான் முக்கியமாகக் கருதுவது முகப்பு விளக்கை. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் நிமிரும். சக்கரங்களுக்கிடையே 1,300 மில்லிமீட்டர் உள்ள வண்டியில் பின்பக்கம் 30 மில்லிமீட்டர் தாழ்ந்தால், 30 மீட்டர் தொலைவில் ஒளி ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் மேலே எழும்பி, எதிரே வருபவரின் கண்ணில் நேராக விழும். முன் சக்கரத்தின் மீதான பிடியும் குறைவதால், வளைவில் வண்டி சற்று அகலமாகத் திரும்பப் பார்க்கும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சைலன்சர் ஆறியபின், வண்டியோடு தரப்படும் கொக்கி போன்ற ஸ்பேனரால் வளையத்தைத் திருப்ப வேண்டும். இரட்டை ஷாக் அப்சார்பர் உள்ள வண்டியில் இருபுறமும் ஒரே படியில் இருப்பது கட்டாயம். ஒன்றாம் படியிலிருந்து பின்னோக்கித் திருப்பி நேராக ஐந்துக்குத் தாவ முயலக்கூடாது. அங்கே இருப்பது செங்குத்தான சுவர், வளையம் பழுதாகும்.

சில பணிமனைகளில், எதற்கும் இருக்கட்டும் என்று, கடைசிப் படியில் வைத்துவிட்டு மறந்துவிடும் வழக்கம் உண்டு. இது எனக்கு உடன்பாடில்லை. தனியே ஓட்டும்போது வண்டி போதிய அளவு தாழாது. பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடர இடமில்லாமல் துள்ளும். வண்டி கடினமாக இருப்பதுபோலத் தோன்றுவதும் இதனால்தான். அன்றாடம் தனியே செல்பவர் முதல் அல்லது இரண்டாம் படியில் வைத்துக்கொண்டு, இருவராக நீண்ட பயணம் புறப்படும்போது உயர்த்தி, திரும்பியதும் இறக்கிவிடலாம். அளந்து பார்க்க ஒரு டேப் போதும்: பின் சக்கரம் தரையைத் தொடாத நிலையில் அச்சுக்கும் அதற்கு நேர் மேலே உள்ள ஒரு புள்ளிக்கும் இடையே ஒருமுறை, ஓட்டுநர் அமர்ந்தபின் அதே இடத்தில் மறுமுறை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தாழ்வு.

பின் டயரின் காற்றழுத்தத்தையும் இருவருக்கான அளவுக்கு ஏற்றிவிடுங்கள். அந்த அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஷாக் அப்சார்பரின் தண்டில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் மட்டும் வளையத்தைத் திருப்பிப் பயனில்லை. துள்ளலை அடக்கும் எண்ணெயே அதில் குறைந்துவிட்டது என்பதால், இரட்டை ஷாக் வண்டியானால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.