தொட்டிலில் ஒரு கடற்படை அதிகாரி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 18ஆம் நூற்றாண்டு ரஷ்யக் கடற்படையில் ஒருவரை அதிகாரியாக்கியது திறமையா, பிறப்பா? பிறப்பே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் உஷாகோவைக் காட்டினார். ஏழை வீட்டுப் பையன், 1790இல் தெந்த்ராவிலும் மறு வருடம் கலியாக்ராவிலும் துருக்கியரை வென்றார், அட்மிரல் ஆனார் என்றார். அத்தனையும் உண்மை. அந்த வீரர்மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் ஏழைப் பிரபு, ஐயா! வீட்டில் காசு இல்லை, குலம் இருந்தது. 1761இல் கடற்படைக் கேடட் பள்ளிக்குள், அதாவது வருங்கால அதிகாரிகளைப் பயிற்றும் பள்ளிக்குள், அவரை விட்டது அந்தக் குலம்தான். அதே ஊரில் ஒரு பண்ணையடிமையின் மகன் அவரைவிடக் கெட்டிக்காரனாக இருந்திருந்தால்? வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது.

பீட்டர் பேரரசர் 1701இல் மாஸ்கோவில் தொடங்கிய கடலோடும் பள்ளியில் எளியவர் பிள்ளைகளும் படித்தார்களே என்பீர்கள். படித்தார்கள். எழுத்தும் கணக்கும் கற்றதும் அவர்களில் பலரை எழுத்தர் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மேலே கடற்கலை வரை போனவர்கள் பெரும்பாலும் பிரபு வீட்டுப் பிள்ளைகள். 1752இல் ரஷ்யப் பேரரசி எலிசபெத் அந்த ஒருக்களித்த கதவையும் சாத்தினார். புதிய கேடட் பள்ளியில் 360 இடம். எல்லாம் பிரபுக்களின் பிள்ளைகளுக்கு.

சரி, அரசுப் பதவிகளைப் படிப்படியாக வரிசைப்படுத்திய 1722இன் பதவி வரிசைப் பட்டியலுக்கு வருவோம். படையில் கடைசிப்படி அதிகாரி ஆனாலே பரம்பரைப் பிரபு ஆகலாம் என்கிறது சட்டம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்த முதல் படிக்கு ஏற்றிவிடும் பள்ளியே, "நீ பிரபு மகனா?" என்று கேட்டால் மற்றவன் எப்படி ஏறுவான்? நட்சத்திரம் பார்த்துத் திசை கணித்து, வரைபடம் போட்டுக் கப்பலைக் கரை சேர்த்த வழிகாட்டி மாலுமிகளில் பலர் எளிய குடும்பத்தவர். கப்பல் அவர்கள் கணக்கில் ஓடியது. கட்டளை இன்னொருவர் வாயிலிருந்து வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அப்புறம், சாமுவேல் கிரெய்க். ஸ்காட்லாந்துக்காரர், ஒரு கப்பலோட்டியின் மகன். 1764இல் ரஷ்யாவுக்கு வந்தார், 1770இல் செஸ்மா போரில் துருக்கியக் கப்பல்கள் எரிந்த இரவில் முன்னின்றார், அட்மிரல் ஆனார். திறமைதான், மறுக்கவில்லை. ஆள் போதாமல் வெளிநாட்டிலிருந்து அழைத்த இடம் அது. உள்ளூர்க் குடியானவனுக்கு அந்த அழைப்பு வரவில்லை. இதே குடும்பத்தில் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1775இல் கிரெய்குக்கு அலெக்சேய் என்று ஒரு மகன் பிறந்தான். அப்பாவின் சேவைக்காக, பிறந்த உடனேயே அவனுக்கு மிச்மன் பதவி! பல வருடம் படித்து, கடலில் அடிபட்டு ஒரு கேடட் வாங்கும் முதல் அதிகாரிப் பதவி அது. குழந்தைக்குத் தலைகூட நிற்கவில்லை, அதிகாரி ஆகிவிட்டது.

நடுவர் அவர்களே, அந்தத் தொட்டிலில் இருந்த திறமை எது என்று எதிரணி சொல்லட்டும். நன்றி, வணக்கம்.