0.2 விநாடியில் நழுவும் வாய்ப்பு! கல்லூரியில் ஆங்கிலம் பேச எப்படி இலக்கு வைப்பது?

[திரையில் பெரிய எழுத்தில்: 0.2 விநாடி]

வணக்கம் நண்பர்களே. இந்த எண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சராசரியாக இவ்வளவுதான். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 10 மொழிகளில் நடந்த உரையாடல்களை எடுத்து அளந்து பார்த்தார்கள். மொழிக்கு மொழி கொஞ்சம் கூடியது, குறைந்தது. ஆனால் எந்த மொழியும் இந்த எண்ணை விட்டு ரொம்பத் தூரம் போகவில்லை.

இப்போது இன்னொரு எண். ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், அதன் பெயரைச் சொல்ல வாய் திறப்பதற்கே சுமார் 0.6 விநாடி ஆகிறது. அதுவும் தாய்மொழியில், ஒரே ஒரு சொல்லுக்கு!

அப்படியென்றால் 0.2 விநாடியில் முழுப் பதில் எப்படி வருகிறது? எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள்ளேயே நம் பதில் உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது. தாய்மொழியில் இது நமக்குத் தெரியாமலே நடக்கிறது.

இதையே ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு செமினாருக்குள் வைத்துப் பாருங்கள். உங்களிடம் நல்ல கருத்து ஒன்று இருக்கிறது. சொல்லைத் தேடி, வாக்கியத்தைக் கோத்து, வினைச்சொல் சரிதானா என்று ஒரு முறை பார்த்துவிட்டு நிமிர்கிறீர்கள். அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. வகுப்பு முடிந்து வெளியே வரும்போது "எனக்குப் பேசவே வராது" என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். தயவுசெய்து அப்படி முடிவு கட்டாதீர்கள். அங்கே உங்களுக்குக் குறைவாக இருந்தது நேரம். அந்த நேரத்தைச் சம்பாதிக்கப் பயிற்சி இருக்கிறது, அந்தப் பயிற்சிக்கு இலக்கும் வைக்க முடியும்.

[திரையில்: ஒரு நோட்டுப் புத்தகம்]

சரி, செமஸ்டர் தொடக்கத்தில் என்ன எழுதி வைத்தீர்கள்? நான் கேட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள்: "இந்த வருடம் ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும்." அந்த வரியை அடித்துவிடுங்கள். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் இன்று மாலை 6 மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரிக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்ததும் "செய்தாயா?" என்று கேட்கவும் அதற்குத் தெரியாது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உளவியலாளர் எட்வின் லாக் 1968-இல் எழுதிய கட்டுரை, அப்புறம் அவரும் கேரி லேதமும் சேர்ந்து செய்த வேலைகள் எல்லாம் காட்டுவது இதைத்தான்: "முடிந்தவரை நன்றாகச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு கிடைத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். இலக்கு பற்றிய எந்த வீடியோவைத் திறந்தாலும் இது இருக்கும்.

அந்த வீடியோக்களில் அதிகம் வராத ஒன்று இருக்கிறது. 1989-இல் ரூத் கான்ஃபரும் பிலிப் ஆக்கர்மனும் அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது போன்ற ஒரு கணினி வேலையைக் கொடுத்தார்கள். வேலை இன்னும் பிடிபடாத ஆரம்பக் கட்டத்திலேயே "இவ்வளவு புள்ளி எடு" என்று இலக்கு கொடுத்தபோது அது இடைஞ்சலாகிவிட்டது. கற்றுக்கொள்ளவே முழுக் கவனமும் தேவைப்படும் நேரத்தில், கவனத்தில் ஒரு பங்கு புள்ளியை எட்டிப் பார்ப்பதில் போய்விடுகிறது.

எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. ஆங்கிலம் பேசத் தொடங்கும் மாணவர் "ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 எடுக்க வேண்டும்", "கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாக வேண்டும்" என்றுதான் முதல் இலக்கை வைக்கிறார். பேசும்போது பாதி மனம் அந்த 7-லேயே நிற்கிறது. முதல் சில மாதங்களுக்கு மதிப்பெண்ணை ஓரமாக வையுங்கள். நீங்களே செய்யக்கூடிய, நீங்களே எண்ணக்கூடிய ஒரு செயலை இலக்காக வையுங்கள்.

அதை எப்படி எழுதுவது? 'கவுன்சில் ஆஃப் யூரோப்' என்ற ஐரோப்பிய நாடுகளின் அமைப்பு 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை 6 படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியையும் "இவரால் இதைச் செய்ய முடியும்" என்ற பாணியிலேயே விவரித்திருக்கிறார்கள். அந்தப் பாணியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். "என் புராஜெக்ட் எதைப் பற்றியது என்று, காகிதத்தைப் பார்க்காமல், 2 நிமிடம் என்னால் சொல்ல முடியும்." இது இலக்கு.

[திரையில்: 4 / 3 / 2]

இப்போது இந்த வீடியோவை நான் எடுத்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். இதன் பெயரே மூன்று எண்கள்தான்: நான்கு, மூன்று, இரண்டு. கீத் மாரிஸ் என்ற ஆங்கில ஆசிரியர் 1983-இல் எழுதிய பயிற்சி இது. மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் 1989-இல் இதை ஆராய்ந்து எழுதினார்.

ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு ஒரு நண்பரிடம் 4 நிமிடம் பேசுங்கள். அவர் குறுக்கே பேசக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். உடனே வேறொரு நண்பரிடம் போய் அதே விஷயத்தை 3 நிமிடத்தில் சொல்லுங்கள். மூன்றாவது ஆளிடம் அதையே 2 நிமிடத்தில். ஒவ்வொரு முறையும் ஆள் மாறுவதற்குக் காரணம் உண்டு. கேட்டவரிடமே திரும்பச் சொன்னால் நமக்கே சலித்துவிடும், பாதியை விழுங்கிவிடுவோம். கேட்பவருக்கு விஷயம் புதிது என்றால் முழுதாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படிக்கும் காலத்தில் என் தோழி ஒருத்தி இதைச் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாலங்களில் ஏன் இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள் என்பது தலைப்பு. அவள் பாடத்தில் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, ரெக்கார்டிங்கை அழுத்திவிட்டுத் தொடங்கினாள்.

முதல் சுற்று. தன் பெயர், துறை, இந்தத் தலைப்பை ஏன் எடுத்தேன் என்பதிலேயே ஒரு நிமிடம் போனது. வெயிலில் உலோகம் விரிவடையும் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. "தி மெட்டல்... இட் பிகம்ஸ்... லாங்..." என்று நின்றாள். கை இரண்டையும் விரித்துக் காட்டினாள். 4 நிமிடம் முடிந்தது.

இரண்டாவது சுற்று. பெயரும் துறையும் ஒரே மூச்சில் முடிந்தன. அதே இடம் வந்தது. ஒரு கணம் நின்றாள். "எக்ஸ்பேண்ட்ஸ்!" என்றாள், அவள் முகமே மலர்ந்துவிட்டது.

மூன்றாவது சுற்று. "தி மெட்டல் எக்ஸ்பேண்ட்ஸ் இன் தி ஹீட், ஸோ வீ லீவ் எ கேப்." நிற்கவே இல்லை.

நடுவில் யாரும் அவளுக்கு அந்தச் சொல்லைக் கற்றுத் தரவில்லை, அகராதியும் பார்க்கவில்லை. சொல் அவளுக்குள்ளேயே இருந்தது, வாய்வரை வரத்தான் நேரம் பிடித்தது. முதல் முறை என்ன சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று எல்லாப் பாரமும் ஒரே நேரத்தில் தலையில் இருந்தது. மூன்றாவது முறை வரும்போது விஷயம் தயார், வரிசையும் தயார். மிச்சம் இருந்தது பேச்சு மட்டும்தான். எனக்கு அது ஏதோ கதவு திறந்த மாதிரி இருந்தது.

"ஒரே பேச்சைத் திருப்பிச் சொன்னால் அந்தத் தலைப்பு மட்டும்தானே நன்றாக வரும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2011-இல் நெல் டி யோங்கும் சார்ல்ஸ் பெர்ஃபெட்டியும் இதைத்தான் சோதித்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு முறையும் புதுத் தலைப்பில் பேசியது, இன்னொரு குழு அதே தலைப்பைத் திரும்பப் பேசியது. பயிற்சி நடந்தபோது இரண்டு குழுவுக்குமே சரளம் கூடியது. பிறகு புதிய தலைப்பைக் கொடுத்தபோதும் அந்தச் சரளம் நிலைத்தது, திரும்பப் பேசியவர்களிடம்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. என் தோழி "வீ டிஸ்கஸ்ட் அபௌட்" என்று ஓர் இடத்தில் சொன்னாள். அந்த "அபௌட்" அங்கே வரக் கூடாது. மூன்று சுற்றிலும் அது அப்படியே வந்தது. ஃபிராங்க் போயர்ஸ் 2014-இல் இந்தப் பயிற்சியை மறுபடி ஆராய்ந்து சொன்னதும் இதேதான்: முதல் சுற்றில் வரும் பிழை பெரும்பாலும் அடுத்த சுற்றுகளுக்கும் கூடவே வருகிறது. அதனால் முதல் சுற்று முடிந்ததும் ரெக்கார்டிங்கை ஒரு முறை கேளுங்கள். ஒரே ஒரு பிழையைத் திருத்திக்கொண்டு இரண்டாவது சுற்றுக்குப் போங்கள். பத்துப் பிழையைத் துரத்தினால் மறுபடி வாய் கட்டிப்போகும்.

இன்னொரு கணக்கு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 40 பேர் இருக்கும் வகுப்பு, 60 நிமிடக் கலந்துரையாடல். ஆசிரியர் வாயே திறக்காமல் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால்கூட உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். ஒரு முறை 4/3/2 செய்தால் 9 நிமிடம். அதாவது அப்படிப்பட்ட ஆறு வகுப்புகளுக்குச் சமம்! மூன்று பேர் கிடைக்காவிட்டால் போனிடம் பேசுங்கள், அதுவும் கேட்கும்.

இலக்காக எழுதினால் இப்படி வரும்: "செவ்வாய், வியாழன் மாலை 6 மணிக்கு, அன்று வகுப்பில் நடந்த ஒரு விஷயத்தை எடுத்து 4/3/2 ஒரு முறை. நான்கு வாரம்." கூட்டிப் பாருங்கள், 72 நிமிடம் உங்கள் வாயால் ஆங்கிலம்.

[திரையில்: மறுபடி 0.2 விநாடி]

சரி, செமினாருக்குத் திரும்புவோம். அந்த 0.2 விநாடிக்குள் முழுக் கருத்தையும் தயார் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே நுழைய ஒரு வரி போதும். "கேன் ஐ ஆட் சம்திங் ஹியர்?" அல்லது "ஐ ஸீ இட் எ பிட் டிஃபரென்ட்லி." அந்த வரியை யோசிக்காமல் வரும் அளவுக்குப் பழகி வைத்தால், அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியத்துக்கு இரண்டு விநாடி கிடைத்துவிடும். எல்லோரும் உங்கள் பக்கம் திரும்பியும்விடுவார்கள், இனி யாரும் முந்திக்கொள்ள மாட்டார்கள்.

எப்போது சொல்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான்: "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று இணைத்து எழுதிய திட்டம், வெறும் "செய்வேன்" என்பதைவிட நிறைவேற வாய்ப்பு அதிகம். "ஆசிரியர் 'எனி கொஸ்டியன்ஸ்?' என்று கேட்டால், முதல் மூன்று பேருக்குள் கை தூக்குவேன். வாரத்துக்கு ஒரு முறை." அதில் இலக்கணம் சரியாக இருந்ததா என்று கணக்கெடுக்க வேண்டாம். கை தூக்கினீர்களா, ஒரு கோடு போடுங்கள்.

உச்சரிப்புக்கு ஒரே வரி: ஒரு மாதத்துக்கு உங்கள் பாடத்தில் அடிக்கடி வரும் 20 சொற்களை எடுத்து, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று மட்டும் ஆன்லைன் அகராதியில் கேட்டுப் பழகுங்கள்.

நான்கு வாரம் கழித்து முதல் நாள் ரெக்கார்டிங்கையும் கடைசி நாள் ரெக்கார்டிங்கையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதனால் முதல் நாள் ரெக்கார்டிங்கை அழிக்கத் தோன்றும், அழிக்காதீர்கள்.

உங்கள் இலக்கு என்ன? கிழமை, நேரம், தலைப்பு, மூன்றையும் ஒரே வரியில் கமென்ட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன், நான்கு வாரம் கழித்து உங்கள் கமென்ட்டுக்குக் கீழே வந்து "என்ன ஆயிற்று?" என்று கேட்பேன். இப்போது வீடியோவை நிறுத்திவிட்டு, டைமரில் 4 நிமிடம் வையுங்கள்.